தலைமுடியில் சேர்ந்த படிவை நீக்குவது எப்படி?

தலைக்குக் குளித்து முடி காய்ந்த பிறகும் வேர்ப்பக்கம் பிசுபிசுப்பாகவும், நுனி வறண்டு சொரசொரவென்றும் இருக்கிறதா? ஷாம்பு சரியாக நுரைப்பதே இல்லையா? அப்படியானால் முடியில் ஏதோ படிந்திருக்கிறது. புது ஷாம்பு வாங்குவதற்கு முன்னால், என்ன படிந்திருக்கிறது என்று பாருங்கள். ஒவ்வொன்றையும் எடுக்கும் வழி வேறு.

படி 1: எது என்று கண்டுபிடியுங்கள்

தினமும் எண்ணெய் வைப்பவர் என்றால் முதல் சந்தேகம் எண்ணெய்தான். சீரம், கண்டிஷனர் போடுபவர்கள் பாட்டிலின் பின்பக்கத்தைப் படியுங்கள். டைமெதிகோன், அமோடைமெதிகோன் போன்ற பெயர்கள் இருந்தால் அது சிலிகோன். முடிக்கு வழவழப்பைத் தருவது இதுதான், ஆனால் தண்ணீரில் கரையாது. பெயருக்கு முன்னால் 'பெக்' (PEG) என்று இருந்தால் பெரும்பாலும் தண்ணீரிலேயே போய்விடும்.

மூன்றாவது, பலரும் யோசிக்காதது: உப்புத் தண்ணீர். போர் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் அதிகமாக இருந்தால் அவை முடியில் ஒட்டிக்கொள்ளும். குழாய் வாயிலும் ஹீட்டரிலும் வெள்ளையாகப் படிகிறதே, அதே சங்கதிதான். வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு பாட்டிலில் பாதி தண்ணீர் பிடித்து, கொஞ்சம் சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்குங்கள். நுரை குறைவாக வந்து தண்ணீர் கலங்கினால் அது கடின நீர். குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதி உண்டு.

கடின நீரில் குளியல் சோப்பைத் தலைக்கும் போடுபவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். சோப்பும் கால்சியமும் சேர்ந்தால் கரையாத அழுக்காக மாறி முடியிலேயே தங்கிவிடும்.

படி 2: அதற்கேற்ற கழுவல்

எண்ணெய்க்குச் சாதாரண ஷாம்பு போதும். முடியை நன்றாக நனைத்து, ஷாம்புவை மக்கில் கரைத்து, விரல் நுனியால் உச்சந்தலையில் தேயுங்கள். நகம் படக் கூடாது. அலசிவிட்டு இன்னொரு முறை போடுங்கள்.

சிலிகோனுக்கு க்ளாரிஃபையிங் ஷாம்பு, அதாவது படிவை அழுத்தமாகக் கழுவி எடுக்கும் ஷாம்பு தேவை. சோடியம் லாரத் சல்பேட் போன்ற சல்பேட் இருக்க வேண்டும், பாலிகுவாட்டர்னியம் இருக்கக் கூடாது. அதுவும் முடியில் ஒட்டக்கூடியது. இரண்டு மூன்று நிமிடம் விட்டு அலசுங்கள். மாதம் ஒன்றிரண்டு முறைக்கு மேல் வேண்டாம், முடி வறண்டுவிடும். சாயம் பூசிய முடியில் நிறம் மங்கலாம்.

உப்புப் படிவுக்கு அமிலம் உதவும். ஷாம்பு போட்டு அலசிய பிறகு, ஒரு கப் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வினிகர் கலந்து ஊற்றி, இரண்டு நிமிடம் கழித்து மறுபடி அலசுங்கள். வினிகரை நேரடியாக ஊற்றவே கூடாது. தலையில் புண் இருந்தால் இந்த வழியே வேண்டாம். படிவு கெட்டியாக இருந்தால் இடிடிஏ (EDTA) சேர்த்த கீலேட்டிங் ஷாம்புதான் சரி, அது கால்சியம் போன்றவற்றைப் பிடித்து இழுத்துவிடும்.

சமையல் சோடாவை நான் பரிந்துரைக்க மாட்டேன். உச்சந்தலையின் பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) ஏறக்குறைய 5.5, சோடா கரைசல் 8-ஐத் தாண்டும். முடியின் மேல்செதில்கள் விரிந்து சிக்கு விழும்.

இப்படிக் கழுவிய பிறகு நுனிக்கு மட்டும் கண்டிஷனர் போடுங்கள்.

படி 3: மறுபடி சேராமல் இருக்க

எண்ணெயைக் குளிப்பதற்கு முன் ஒன்றிரண்டு தேக்கரண்டி மட்டும் தேயுங்கள். தேங்காய் எண்ணெய் முடிக்குள் ஊடுருவும் தன்மை கொண்டது. ஆனால் மிஞ்சியது வெளியேதான் நிற்கும். சீயக்காய்த் தூளைச் சலித்துப் பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் திப்பி தங்கும். கடைசி மக் மட்டும் மழைநீராகவோ ஆர்ஓ தண்ணீராகவோ இருந்தால் நல்லது. ஆர்ஓ வெளியேற்றும் கழிவு நீர் வேண்டாம், அதில் உப்பு இன்னும் அதிகம். அப்புறம், சீப்பை ஷாம்பு நீரில் ஊறவைத்துக் கழுவுங்கள். அதிலுள்ள பிசுக்கு மறுபடி தலைக்கே வரும்.

இத்தனைக்குப் பிறகும் அரிப்பு, சிவப்பு, மஞ்சள் செதில் இருந்தால் அது படிவு இல்லை. தோல் மருத்துவரைப் பாருங்கள்.