பொசசிவ் என்றால் பாசம் இல்லை: ஆங்கிலத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"அவனுக்கு என் மேல பொசசிவ் ஜாஸ்தி" என்று ஒரு பெண் சிரித்துக்கொண்டே சொன்னால் நமக்கு எதுவும் உறுத்துவதில்லை. இன்ஸ்டாகிராம் அறிமுக வரியில் 'கேரிங், பொசசிவ்' என்று இரண்டையும் நல்ல குணங்களாகப் போட்டுக்கொள்பவர்கள் உண்டு. தமிழ்ப் பேச்சில் இந்தச் சொல் பாசமும் செல்லக் கோபமும் கொஞ்சம் பொறாமையும் கலந்த ஒன்றாகிவிட்டது. தமிழுக்குள் அது அப்படியே இருக்கட்டும். அதே பொருளோடு ஆங்கிலத்துக்குள் போனால்தான் சிக்கல். ஆங்கிலத்தில் பொசசிவ் என்பது புகார். ஒருவரைத் தன் உடைமைபோலப் பிடித்து வைத்துக்கொள்கிறவர், அவர் கவனம் முழுக்கத் தனக்கே வேண்டும் என்கிறவர், அவர் தன் இஷ்டப்படி இருப்பதைப் பொறுக்காதவர் என்று பொருள்.

அதனால் "மை ஹஸ்பண்ட் இஸ் வெரி பொசசிவ்" என்று பெருமையாகச் சொன்னால், வெளிநாட்டு சக ஊழியர் மகிழ மாட்டார். "வீட்டில் எல்லாம் சரிதானே?" என்று கவலையோடு கேட்கத்தான் வாய்ப்பு அதிகம். அன்பைச் சொல்ல கேரிங், அஃபெக்‌ஷனேட், லவ்விங் என்று வேறு சொற்கள் இருக்கின்றன.

இதற்கு நேர் எதிரான இன்னொரு தவறு இருக்கிறது. என் பார்வையில் அதுதான் ஆபத்தானது. மனைவியின் போனைத் தினமும் சோதிப்பது, ஏடிஎம் கார்டைப் பிடுங்கி வைத்துக்கொள்வது, அம்மாவோடு பேசவிடாமல் தடுப்பது, என்ன உடுத்த வேண்டும் என்று உத்தரவு போடுவது. இத்தனையையும் "ஹீ இஸ் எ லிட்டில் பொசசிவ்" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். இதற்குச் சரியான சொல் கன்ட்ரோலிங். மிரட்டலும் சேர்ந்தால் கோயர்சிவ். இந்த இரண்டும் வெறும் அகராதிச் சொற்கள் இல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2015-ஆம் ஆண்டின் கடுங்குற்றச் சட்டம், 76-ஆம் பிரிவு, கணவன் மனைவி போன்ற நெருங்கிய உறவில் ஒருவர் மற்றவரைத் தொடர்ந்து இப்படி அடக்கி, அது அவரைக் கடுமையாகப் பாதித்தால் குற்றம் என்கிறது. 5 ஆண்டு வரை சிறை உண்டு. அங்கே வாழும் ஒரு தமிழ்ப் பெண் மருத்துவரிடமோ போலீஸிடமோ பேசும்போது எந்தச் சொல்லைச் சொல்கிறார் என்பது முக்கியம். சொல் வராவிட்டால் நடந்ததை அப்படியே சொல்லலாம்: போனைப் பார்க்கிறார், பணத்தைத் தருவதில்லை, வெளியே விடுவதில்லை. அது எந்தப் பெயரடையையும்விடத் தெளிவாக இருக்கும்.

சரி, ஜெலஸ், பொசசிவ் இரண்டும் ஒன்றா? இல்லை. காதலி வேறொருவரோடு சிரித்துப் பேசும்போது மனசு எரிந்தால் ஜெலஸ். அதற்கு மூன்றாவது ஆள் வேண்டும். யாருமே இல்லாதபோதும், அவள் தனியாகப் புத்தகக் கடைக்குப் போவதே பிடிக்கவில்லை என்றால் பொசசிவ். ராத்திரி பத்து மணியாகியும் வீடு திரும்பாத மகளுக்குப் போன் போடும் அம்மா இரண்டுமே இல்லை, அவர் ப்ரொடெக்டிவ். மகளுக்கு முப்பது வயதாகியும் மணிக்கொரு தடவை போன் போட்டால் ஓவர்ப்ரொடெக்டிவ். எல்லாரையும் வேலை ஏவிக்கொண்டே இருக்கும் அக்கா பாஸி.

அப்புறம் இலக்கணம். தமிழில் 'பொசசிவ் வருது' என்று பெயர்ச்சொல்லாகவே பேசிப் பழகியதால், "ஐ ஹேவ் பொசசிவ்" என்று வாயில் வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் இது பெயரடை. "ஐ ஆம் பொசசிவ்", "ஐ ஃபீல் பொசசிவ்" என்றுதான் வரும். பெயர்ச்சொல் வேண்டுமானால் பொசசிவ்னெஸ். 'உன் மேல' என்பதை அப்படியே கொண்டுபோய் "பொசசிவ் ஆன் யூ" என்பதும் நம் ஊர்த் தவறுதான். 'ஆஃப்' அல்லது 'அபவுட்' போடுங்கள். பொருள்களுக்கும் இது பொருந்தும். பொம்மையை யாருக்கும் தராத குழந்தை 'பொசசிவ் அபவுட் ஹிஸ் டாய்ஸ்'. "ஐ ஆம் பொசஸ்ட்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், பேய் பிடித்திருக்கிறது என்று அர்த்தமாகிவிடும்.

ஆங்கிலத்தில் எழுதும்போது (possessive) எஸ் நான்கு: இரண்டு, பிறகு இரண்டு. உச்சரிப்பில் முதல் ஜோடிக்கு இஸட் ஒலி, அழுத்தம் நடு அசையில்.

பள்ளிப் பாடத்தில் வரும் 'பொசசிவ்' தனி. மை, யுவர், ஹிஸ் போன்றவற்றுக்கு அங்கே அந்தப் பெயர். நம் ஆறாம் வேற்றுமை செய்யும் வேலையை அவை செய்கின்றன, அதில் அடக்குமுறை எதுவும் இல்லை. 'இட்ஸ்' என்ற சொல்லில் மட்டும் கவனம். 'அதனுடைய' என்றால் மேற்குறி (அபாஸ்ட்ரஃபி) கிடையாது. மேற்குறி போட்டால் 'இட் இஸ்' அல்லது 'இட் ஹேஸ்' என்பதன் சுருக்கம்.