மறுமலர்ச்சிக் கால முகங்களை வரையும்போது அளவு சறுக்கும் இடங்கள்

ஐரோப்பிய மறுமலர்ச்சிக் கால ஓவியர்களான லியோனார்டோ, ட்யூரர், ஹோல்பைன் வரைந்த முகங்களைப் பார்த்துப் பென்சிலில் பழகுகிறவர்களின் நோட்டைப் புரட்டினால் முதல் பக்கத்திலேயே ஒரு பிழை கண்ணில் படும். கண்கள் மேலே ஏறி நெற்றியில் உட்கார்ந்திருக்கும். மண்டையின் மேல்பகுதியை யாரோ சீவி எடுத்த மாதிரி இருக்கும். நானும் இரண்டு நோட்டு நிறைய அப்படித்தான் வரைந்து தள்ளினேன்.

"முகத்தை மூன்று சம பாகமாகப் பிரி" என்ற பாடத்தை அரைகுறையாகப் பிடித்துக்கொள்வதால் வருகிற வினை இது. ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் எழுதிவைத்த அளவு அது. 1490 வாக்கில் லியோனார்டோ, வட்டத்துக்கும் சதுரத்துக்கும் நடுவே கைகாலை விரித்து நிற்கும் மனிதனை வரைந்த தாளிலும் இதே கணக்கைக் குறித்திருக்கிறார். ஆனால் அவர்களுக்கு முகம் வேறு, தலை வேறு. மோவாயிலிருந்து முடி தொடங்கும் இடம்வரை முகம். உடல் உயரத்தில் பத்தில் ஒரு பங்கு. மோவாயிலிருந்து உச்சந்தலைவரை தலை. எட்டில் ஒரு பங்கு. மூன்று பாகக் கணக்கு முகத்துக்குத்தான்.

தாளில் போட்டுப் பாருங்கள். தலை 20 செ.மீ. என்றால் முகம் 16 செ.மீ. அதை மூன்றாகப் பிரித்தால் மோவாயிலிருந்து 5.3 செ.மீ. உயரத்தில் மூக்கின் அடி, 10.7-இல் புருவம். கண் அதற்குச் சற்றுக் கீழே, ஏறக்குறைய 10-இல், தலையின் சரிபாதியில் வந்து உட்காரும். முழு 20-ஐயும் மூன்றாக வகுத்தால் புருவம் 13.3-க்குப் போய்விடும். இரண்டரை செ.மீ.க்கு மேல் பிசகு. எவ்வளவு அழகாக நிழல் கொடுத்தாலும் இந்தப் பிசகு மறையாது.

முடி தொடங்கும் இடத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. 15-ஆம் நூற்றாண்டில் வசதியான வீட்டுப் பெண்கள், நெற்றி உயரமாகத் தெரிய வேண்டும் என்று முன்முடியைப் பிடுங்கிக்கொள்வார்கள். அந்தப் படங்களில் நெற்றி மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியிருந்தால், ஓவியர் தப்பாக அளந்துவிட்டார் என்று நாம் 'திருத்தி' வைக்க வேண்டியதில்லை. புருவத்திலிருந்து மோவாய்வரையுள்ள பகுதியை முதலில் அளந்துகொண்டு, நெற்றி எங்கே முடிகிறதோ அங்கே முடியட்டும் என்று விடுவதே நல்லது. தலை குனிந்தோ அண்ணாந்தோ இருந்தால் தாளில் மூன்று பாகமும் சமமாக இராது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தங்க விகிதம், அதாவது அழகின் ரகசியம் என்று சொல்லப்படும் 1.618 என்ற விகிதம். மோனா லிசா முகத்தின் மேல் சுருள் கோடு ஒட்டிய படம் உங்கள் போனுக்கும் வந்திருக்கும். இத்தாலியக் கணித அறிஞர் லூகா பச்சியோலி 1509-இல் வெனிஸில் அந்த விகிதத்தைப் புகழ்ந்து ஒரு நூலே வெளியிட்டார், அதற்கு வடிவங்கள் வரைந்து கொடுத்தவர் லியோனார்டோ, இரண்டும் உண்மை. ஆனால் மனித உடலின் அளவு என்று வந்ததும் பச்சியோலியே விட்ருவியஸின் பின்னங்களுக்குத்தான் போகிறார். லியோனார்டோவின் அந்தத் தாளில் இருப்பதும் மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று, எட்டில் ஒன்று என்கிற எளிய கணக்கு. 1.618-ஐத் தேடிப் படத்தின் மேல் ஸ்கேல் வைப்பது, என்னைக் கேட்டால், வரையும் நேரத்தைத் தின்னும் வேலை.

இதையெல்லாம் விடப் பெரிய தவறு, இலக்கண அளவை, அதாவது இப்படி விதியாகச் சொல்லப்பட்ட அளவுகளை, இட்லித்தட்டு மாதிரி நினைப்பது: எந்த முகத்தை ஊற்றினாலும் ஒரே வட்டமாக வெந்து வரும். ட்யூரரை எடுத்துக்கொள்ளுங்கள். உடல் அளவுகளுக்காகவே ஆண்டுக்கணக்காக உழைத்தவர். அதைப் பற்றிய அவருடைய நூல் 1528-இல், அவர் இறந்த சில மாதங்களில் வெளிவந்தது. அதில் 'இதுதான் அழகு' என்று ஒரே ஓர் உருவத்தை மட்டும் அவர் வைக்கவில்லை. பருத்தவர், மெலிந்தவர், நெட்டையானவர் என்று பல உடல்கள். பக்கவாட்டு முகம் ஒன்றைக் கட்டத்துக்குள் வரைந்து, கட்டத்தின் கோடுகளை மட்டும் நகர்த்துகிறார். ஒரு கோட்டை மேலே தள்ளினால் மூக்கு நீள்கிறது, இன்னொன்றைச் சாய்த்தால் நெற்றி பின்னோக்கிப் போகிறது. ஒவ்வொரு நகர்த்தலிலும் வேறோர் ஆள் பிறக்கிறான். அழகு என்றால் என்னவென்று தனக்குத் தெரியாது என்று எழுதியவரும் இவர்தான்.

இதே கை 1514 மார்ச்சில் தன் தாய் பார்பராவைக் கரியால் வரைந்தது. பதினெட்டுப் பிள்ளை பெற்றவள், 63 வயது, அடுத்த இரண்டு மாதத்தில் இறந்துபோனாள். துருத்திய கன்ன எலும்பு, கயிறு போல நிற்கும் கழுத்து நரம்பு, ஒன்றோடொன்று சேராமல் விலகிப் பார்க்கும் கண்கள். எதையும் அவர் நேர்ப்படுத்தவில்லை. அந்தப் படத்தைப் பார்த்து வரைகிறவர்கள் பாசத்தில் கண்களைச் சேர்த்துவிடுவார்கள். சேர்த்த மறுகணம் அது யாரோ ஒரு பாட்டி.

ஹோல்பைனை வரைகிறவர்கள் செய்வது வேறு: நிழலைக் கொட்டுவது. இளஞ்சிவப்புப் பூச்சுக் கொடுத்த தாளையே தோலின் நிறமாக விட்டுவிட்டு, கண்ணோரத்திலும் உதட்டு மடிப்பிலும் மட்டும் கோட்டை அழுத்துவது அவர் பாணி. மைக்கேலாஞ்சலோவின் கற்பனைத் தலைகளைப் போர்ட்ரெய்ட் என்று எண்ணி அளப்பதும் வீண். ஆளைப் போலவே வரைவது அவருக்குப் பிடிக்காத வேலை, பேரழகு இருந்தால்தான் கை வைப்பார் என்கிறார் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய வசாரி.

கடைசியாக ஒன்று, லியோனார்டோவே எச்சரித்தது. ஓவியன் தன்னையறியாமல் தன் முகத்தையே எல்லோருக்கும் ஒட்டிவிடுவான். ஆகவே முதலில் தன்னை அளந்து, இலக்கண அளவிலிருந்து தான் எங்கே விலகுகிறோம் என்று தெரிந்துகொண்டு, அந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டும் என்கிறார். கண்ணாடி முன் ஸ்கேலோடு நின்று பார்த்தேன். மூக்கடியிலிருந்து மோவாய்வரை எனக்கு அரை செ.மீ. குறைவு. பழைய நோட்டை எடுத்தேன்: இத்தாலிய இளவரசி, ஜெர்மானிய வியாபாரி, தாடிவைத்த கிழவர், அத்தனை பேருக்கும் என் குட்டை மோவாய்.