பிரிட்டனில் நாய்க்குட்டி வாங்கும் முன்

பிரிட்டனுக்குப் புதிதாக வந்து, வீடும் வேலையும் ஓரளவு அமைந்தபின் பிள்ளைகளின் ஆசைக்காக நாய் வாங்க நினைப்பவர்களுக்கு இதை எழுதுகிறேன். வழக்கமான ஏற்பாடுகள் எளியவை. வாடகை வீடென்றால் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி பெறுங்கள்; நாயின் தோலுக்கடியில் இருக்கும் அடையாளச் சில்லான மைக்ரோசிப்பின் பதிவை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள்; வெளியே செல்லும்போது உங்கள் பெயரும் முகவரியும் பொறித்த கழுத்துப்பட்டை நாய்க்கு இருக்கட்டும்.

கவனம் முழுவதும் தேவைப்படுவது 1991ஆம் ஆண்டின் ஆபத்தான நாய்கள் சட்டத்துக்கு. பிட்புல் டெரியர், ஜப்பானிய டோசா, டோகோ ஆர்கெந்தினோ, ஃபிலா பிரசிலேரோ ஆகிய நாய் வகைகளை அது தடை செய்கிறது. எக்ஸ்எல் புல்லி நாயை விலக்குச் சான்றிதழ் இல்லாமல் வைத்திருப்பது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2024 பிப்ரவரி 1 முதல் குற்றம். அதற்கு விண்ணப்பிக்கும் காலமும் முடிந்துவிட்டதால், யாராவது அத்தகைய குட்டியைச் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

ஆனால் பட்டியலைத் தெரிந்துகொண்டால் மட்டும் தப்பிவிட முடியாது. தாய் தந்தை எந்த இனம் என்பதையோ மரபணுச் சோதனை என்ன சொல்கிறது என்பதையோ வைத்து இந்தச் சட்டம் முடிவெடுப்பதில்லை. நாயின் உடலமைப்பைத்தான் பார்க்கிறது. என் நண்பர் வாங்கியது, தடையில்லாத ஸ்டாஃபோர்ட்ஷர் புல் டெரியரின் கலப்பு என்று சொல்லி விற்கப்பட்ட குட்டி. வளர வளர அதன் தலை அகன்றது, மார்பு விரிந்தது. யாரோ புகார் சொல்ல, காவல்துறையினர் ஆணையோடு வந்து அதைக் கொண்டுபோனார்கள். நிபுணர் ஒருவர் தலை, முகவாய், கால்கள் என ஒவ்வொன்றாக அளவுநாடா வைத்து அளந்து, பிட்புல் வகை என்று எழுதிவிட்டார். ஒருவரையும் கடிக்காத அந்த நாய் எங்கே அடைக்கப்பட்டிருக்கிறது என்பதைக்கூட மாதக்கணக்கில் அவர்களுக்குச் சொல்லவில்லை. வீட்டில் சின்னவள் தினமும் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

இதில் என்னை அதிகம் கொதிக்க வைப்பது, நாய் தடை செய்யப்பட்ட வகையல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு வளர்ப்பவர் தலையிலேயே விழுவதுதான். நிரூபிக்க முடியாவிட்டால், அது பொதுமக்களுக்கு ஆபத்தில்லை என்று நீதிமன்றத்தை நம்பவைத்து விலக்குப் பெற வேண்டும். பெற்றாலும் கருத்தடை, மூன்றாம் தரப்புக் காப்பீடு, பொது இடத்தில் எப்போதும் வாய்மூடியும் பிடிவாரும் கட்டாயம்.

நாயிடம் பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் தடை கேட்பது நியாயமான வேதனை. ஆயினும் தோற்றத்தைத் தண்டிக்கும் சட்டம் அவர்களுக்கும் பாதுகாப்புத் தரவில்லை என்றே கருதுகிறேன். நெதர்லாந்து 1993இல் கொண்டுவந்த பிட்புல் தடையை, கடிகள் குறையாததால் பின்னர் கைவிட்டது. எந்த இனமானாலும் கட்டுமீறிய நாயின் பொறுப்பாளரைத் தண்டிக்க இதே 1991 சட்டத்தின் மூன்றாம் பிரிவு இருக்கிறது. 2014 முதல் அது சொந்த வீட்டுக்குள்ளும் செல்லும். அதைக் கடுமையாக நடைமுறைப்படுத்தினாலே போதும்.

சட்டம் மாறும்வரை நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். தாய் நாயை நேரில் பார்க்காமல் குட்டி வாங்காதீர்கள். பிட்புல், புல் டெரியர் போன்ற நாய்களின் கலப்பு என்றால், ஊரில் தெருக்குட்டியை எடுத்து வளர்த்த துணிச்சலில் இங்கே கைநீட்டாதீர்கள். ஒருவேளை காவல்துறையினர் நாயைக் கொண்டுபோக வந்துவிட்டால், உரிமையை விட்டுக்கொடுப்பதாக ஒரு தாளில் கையெழுத்துக் கேட்கலாம். கையெழுத்திட்டால் நாயைக் கொல்வதற்கு நீதிமன்றம் போக வேண்டிய அவசியமே அவர்களுக்கு இருக்காது; நாய் வழக்குகள் நடத்திய வழக்கறிஞரிடம் பேசும்வரை அந்தத் தாளில் பேனா வைக்காதீர்கள்.