பாட்டுக்குக் காசு கட்டுமுன் இந்திய சிம்மைப் பாருங்கள்

கோலாலம்பூரில் வந்து இறங்கினால் முதல் வாரம் ஓட்டமாகவே போய்விடும். பாஸ்போர்ட்டைக் காட்டி ஒரு ப்ரீபெய்ட் சிம். வேலை பாஸ் வந்ததும் கம்பெனிக் கடிதத்தோடு போய் ஒரு பேங்க் கணக்கு. ரயிலுக்கு டச் அண்ட் கோ கார்டு. இதையெல்லாம் ஆபீஸ் ஆட்களே கூட வந்து முடித்துக் கொடுப்பார்கள், நான் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது வாரம்தான் ஊர் நினைப்பு பிடிக்கும். அறைக் கதவைச் சாத்திவிட்டுப் படுத்தால் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கும். கை தானாகப் பாட்டு ஆப்பைத் தேடும். ஊரில் கட்டிவந்த சந்தாவைத் தொடரலாமா, இங்கே புதிதாகக் கட்டலாமா, விளம்பரத்தோடு சும்மாவே கேட்டுக்கொள்ளலாமா என்று செந்தூலில் எங்கள் வீட்டுக்குப் புதிதாக வருகிற ஒவ்வொரு தம்பியும் கேட்கிறான். நான் சொல்வது இதுதான். ஊர்ச் சந்தாவை விமானம் ஏறுமுன் நிறுத்திவிட்டு வாருங்கள். முதல் மூன்று மாதம் எதுவும் கட்டாதீர்கள். அப்புறமும் வேண்டும் என்று தோன்றினால் இங்குள்ள கணக்கிலிருந்து, வெள்ளியில், மாதாமாதம் கட்டுங்கள். ரிங்கிட்டை இங்கே தமிழர்கள் வெள்ளி என்றுதான் சொல்வார்கள், உங்கள் வாயிலும் அது சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும்.

நான் 2022 மார்ச்சில் வந்தேன். ஊரில் எல்லாரையும் போல மொபைல் எண்ணைக் கொடுத்து, ஓடிபி போட்டுத்தான் பாட்டு ஆப்புக்குள் நுழைந்திருந்தேன். இமெயில் கேட்டபோது கொடுக்காமல் தாண்டிப் போனேன். மாதம் 99 ரூபாய், யுபிஐ ஆட்டோபேயில் அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

கிளம்புவதற்கு முந்தைய மூன்று சாயங்காலமும் அப்பாவும் நானும் திண்ணையில் உட்கார்ந்து ஒரு பட்டியல் போட்டோம். அப்பா முப்பது வருஷம் பஸ் கண்டக்டர். ஒவ்வொரு பாட்டையும் எந்த ரூட்டில், எந்த டிரைவர் காலத்தில் போட்டார்கள் என்று சொல்வார். மன்னார்குடி ரூட்டில் காலை முதல் டிரிப் என்றால் நாதஸ்வரம். மத்தியானம் கூட்டம் குறைந்தால் சோகப் பாட்டு. அவர் சொல்லச் சொல்லத் தேடிச் சேர்த்தேன். மொத்தம் 214 பாட்டு. அதற்கு ‘அப்பா ரூட்’ என்று பேர் வைத்தேன்.

இங்கே வந்ததும் வாட்ஸ்அப்பை மலேசிய எண்ணுக்கு மாற்றிவிட்டேன். இந்திய சிம்மின் 28 நாள் பேக் முடிந்தது. இனி எதற்கு என்று ரீசார்ஜ் செய்யவில்லை. நான் செய்த தப்பு அதுதான். ப்ரீபெய்ட் எண்ணில் 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாவிட்டால் இணைப்பைத் துண்டிக்கலாம். பிறகு கொஞ்ச நாள் கழித்து அதே எண்ணை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

பழைய போனில் ஆப் திறந்தே இருந்ததால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. டிசம்பரில் மஸ்ஜித் ஜாமெக் ஸ்டேஷன் படிக்கட்டில் போன் கை நழுவி விழுந்து செத்தது. லோ யாட் பிளாசாவில் புதிது வாங்கி, ஆப்பை ஏற்றி, எண்ணைப் போட்டேன். ஓடிபி அனுப்பியிருக்கிறோம் என்றது. எங்கே அனுப்பியிருக்கும்? என் பழைய எண்ணுக்கே போன் போட்டேன்.

ஒரு பெண் எடுத்தார். பின்னால் தறி ஓடுகிற சத்தம். கொங்குப் பக்கத்துப் பேச்சு. “ரெண்டு மாசம் முன்னாடி கடையில வாங்கின சிம்முங்க. ஓடிபி ஓடிபியா வருதே, அது உங்களுக்குத்தானுங்களா?” என்றார். விஷயத்தைச் சொல்லி, அந்த ஆறு எண்ணைப் படிக்க முடியுமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் தறிச் சத்தம் மட்டும் கேட்டது. “தப்பா நினைக்காதீங்கண்ணா. யாருக்கும் சொல்லாதீங்கன்னு அதுலயே போட்டிருக்குங்க.”

அவர் சொன்னது முழுக்கச் சரி. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் போனதற்குக் காரணமும் அதுதான். என் எண்ணை வைத்திருந்தவர் நல்ல மனுஷி. வேறு யாராவது என்றால் பாட்டு மட்டுமா போயிருக்கும்? பேங்க் கணக்கிலும் அதே எண்தானே.

பாட்டு நிறுவனத்துக்கு மூன்று தடவை எழுதினேன். பதிவு செய்த எண்ணிலிருந்து தொடர்பு கொள்ளவும் என்று மூன்று தடவையும் ஒரே பதில். ஆட்டோபேயை நிறுத்தலாம் என்றால் யுபிஐ ஆப் வேண்டும், அதற்கு அந்த சிம் வேண்டும். பணம் எடுக்கப் போகிறோம் என்று முன்கூட்டி வருகிற தகவலும் அந்த எண்ணுக்குத்தான் போகும். அப்பா பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு பேங்குக்குப் போனார். கணக்குக்காரர் நேரில் வர வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வெயிலில் இரண்டு பஸ் மாறிப் போய் வந்த மனிதரை இப்படி அனுப்பினார்களே என்று எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

2024 பொங்கலுக்குப் போனபோதுதான் ஆட்டோபே நின்றது. பாஸ்புக்கில் அச்சடித்துப் பார்த்தால் 99, 99, 99 என்று 13 வரி. ஒரு பாட்டுக்கூடக் கேட்காமல் 1,287 ரூபாய், சுமார் எழுபது வெள்ளி. அந்தக் காசு போகட்டும். மூன்று சாயங்காலம் உட்கார்ந்து போட்ட பட்டியல் திரும்ப வரவில்லை.

அதனால் ஊரில் இருக்கும்போதே செய்யுங்கள். பாட்டு ஆப்பில் இமெயிலும் பாஸ்வேர்டும் சேர்த்து, வெளியேறி, அதை வைத்து ஒருமுறை உள்ளே நுழைந்து பாருங்கள். ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது. யுபிஐ ஆப்பில் ஆட்டோபே பகுதிக்குப் போய் ரத்து செய்து, ரத்தானதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பாட்டுப் பட்டியலையும் படம் எடுத்து உங்கள் இமெயிலுக்கே அனுப்புங்கள். பேங்கில் என்ஆர்ஓ கணக்காக, அதாவது வெளிநாட்டில் இருப்பவருக்கான கணக்காக, மாற்றப் போகும்போது எண் விஷயத்தையும் பேசி முடியுங்கள். பாட்டுக்கு வேண்டாம் என்றாலும் பேங்குக்காக இந்திய சிம்மை உயிரோடு வைத்திருங்கள். நீண்ட நாள் செல்லும் சின்ன பேக் ஒன்று போட்டு, ரோமிங்கை இயக்கிவிட்டு வாருங்கள்.

இனி இங்கே கட்டலாமா என்பது. முதல் மூன்று மாதம் வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் வானொலி. அரசு ஒலிபரப்பு நிறுவனமான ஆர்டிஎம்மின் மின்னல் எஃப்எம் 24 மணி நேரமும் தமிழ். தனியார் நிலையமான ராகா கோலாலம்பூர் பக்கம் 99.3இல் வரும். மலேசியத் தமிழ் காதில் விழுந்து பழகுவதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. உள்ளூர்க் கலைஞர்களின் பாட்டும் வரும். சென்னையில் கேள்விப்படாத குரல்கள், நன்றாகவே பாடுகிறார்கள்.

காசு கொடுத்துக் கேட்பதால் எனக்குக் கிடைத்த பெரிய வசதி டவுன்லோடு. கெலானா ஜெயா தடத்தில் அம்பாங் பார்க்கிலிருந்து மஸ்ஜித் ஜாமெக் வரை ஐந்து ஸ்டேஷனும் பூமிக்கு அடியில். தினமும் அந்த வழியில் போகிறவருக்கும், ராத்திரி ஷிப்ட்டில் டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவழிக்கிறவருக்கும் சந்தா பிரயோஜனம். ஸ்பாட்டிஃபை பிரீமியத்தில் ஒரு கருவிக்கு 10,000 பாட்டு வரை இறக்கிக்கொள்ளலாம், 30 நாளுக்கு ஒருமுறையாவது இணையத்தில் இணைந்தால் போதும். வீட்டு வைஃபையில் மட்டும் கேட்கிறவருக்கு இதெல்லாம் தேவையே இல்லை.

ஸ்பாட்டிஃபையின் இலவசக் கணக்கை வேறு நாட்டில் 14 நாள்தான் பயன்படுத்த முடியும். அப்புறம் கணக்கில் நாட்டை மாற்ற வேண்டும். பிரீமியம் என்றால் மலேசியாவில் கொடுத்த கார்டு போன்ற ஏதாவது வேண்டும். புதிதாக வாங்கிய டெபிட் கார்டில் ஆன்லைன் பரிவர்த்தனை அடைத்தே இருக்கலாம், பேங்க் ஆப்பில் திறந்துகொள்ளுங்கள். இந்தியாவைவிட இங்கே விலை கூட. வெளிநாட்டு டிஜிட்டல் சேவைக்கு 2024 மார்ச்சிலிருந்து 8 சதவீத சேவை வரியும் உண்டு. மதுரையில் இருக்கிற அண்ணன் குடும்பப் பிளானில் ஒட்டிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், ஒரே முகவரியில் இருப்பவர்களுக்குத்தான் அது. அறையில் கூட இருக்கும் நண்பரோடு இரண்டு பேர் பிளான் எடுத்தால் கட்டுப்படியாகும்.

வருஷச் சந்தா மலிவு என்று யாராவது சொன்னால் எனக்கு விங்க் மியூசிக்தான் நினைவுக்கு வரும். ஏர்டெல் நடத்தியது, ஊரில் பாதிப் பேர் போனில் இருந்தது. 2024இல் மூடிவிட்டார்கள். அதனால்தான் மாதாமாதம் என்கிறேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் கூப்பிடுவேன். அப்பா இரண்டு மூன்று பாட்டு சொல்வார். ஆப்பில் சேர்ப்பதற்கு முன்னால் பிரிக்பீல்ட்ஸில் வாங்கிய நோட்டில் எழுதிக்கொள்கிறேன், ரூட்டும் டிரைவர் பேரும் சேர்த்து. சில பாட்டு அவருக்கு இப்போது ஞாபகம் வருவதில்லை, அம்மா பின்னாலிருந்து முதல் வரியை எடுத்துக் கொடுக்கிறார். போன வாரத்தோடு 61. பட்டுக்கோட்டை ரூட், கடைசி டிரிப்.