மேனுவல் தெரபி மேற்படிப்பு: மலையகத்து இயன்மருத்துவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேராதனையிலோ கொழும்பிலோ இயன்மருத்துவப் (பிசியோதெரபி) பட்டம் முடித்து, இலங்கை மருத்துவ சபையில் பதிவும் எடுத்து, பதுளைக்கோ நுவரெலியாவுக்கோ டிக்கோயாவுக்கோ வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று வருடத்தில் ஓர் ஆசை வரும். எலும்பு மூட்டுக்கான மேனுவல் தெரபியில், அதாவது மூட்டையும் தசையையும் கையால் அசைத்தும் அழுத்தியும் செய்யும் சிகிச்சையில், மேற்படிப்பு படிக்க வேண்டும் என்பார்கள். நல்ல ஆசை. கொழுந்துக் கூடையின் கயிறு அழுத்திய கழுத்தும், கவ்வாத்து வெட்டிய தோளும், சரிவில் ஏறி இறங்கிய முழங்காலும் கடைசியில் நம்மிடம்தான் வருகின்றன. ஆனால் ஏதோ கைவித்தை படிக்கப் போவதாக நினைத்துத்தான் பலர் கிளம்புகிறார்கள். பின்னால் வரும் தவறுகளில் பாதி அந்த நினைப்பிலிருந்தே முளைக்கின்றன.

முதல் தவறு, படிப்பைத் தேர்ந்தெடுப்பதிலேயே நடக்கிறது. சனி ஞாயிறு இரண்டு நாள் ஹோட்டல் மண்டபத்தில் பயிற்சி, மாலையில் சான்றிதழ், அடுத்த நாள் பெயர்ப்பலகையில் ஒரு பட்டம். அப்படிப்பட்ட வகுப்பில் சில நுட்பங்கள் கிடைக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் அது மேற்படிப்பு ஆகாது. இந்தத் துறைக்கு 1974இல் தொடங்கிய ஒரு சர்வதேசக் கூட்டமைப்பு இருக்கிறது, இஃபோம்ப்ட் என்பார்கள். அதன் கல்வித் தரத்தில் நான் முக்கியமாகப் பார்ப்பது ஒன்றுதான்: அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் இருந்து வழிகாட்ட, உண்மையான நோயாளிகளோடு குறைந்தது 150 மணி நேரம் வேலை செய்திருக்க வேண்டும். ஆகவே பணம் கட்டுமுன் ஒரு கேள்வி கேளுங்கள். நான் நோயாளியைப் பார்க்கும்போது என் பக்கத்தில் யார் நிற்பார், எத்தனை மணி நேரம்? இதற்கு நேரான பதில் வராவிட்டால், அந்தப் பணத்தை நல்ல பாடத்திட்டம் கிடைக்கும்வரை சேர்த்து வையுங்கள்.

ஒரே குருவின் பள்ளியில் ஒதுங்கிவிடுவது அடுத்தது. ஆஸ்திரேலியாவின் மெயிட்லண்ட், நோர்வேயின் கால்டன்போர்ன், நியூசிலாந்தின் மக்கென்சி, மல்லிகன், நால்வருமே ஆளுக்கொரு சிகிச்சை முறையை உருவாக்கி நமக்கு நிறையத் தந்தவர்கள். ஒருவரைப் படித்துவிட்டு மற்றவரைத் தள்ளத் தேவையில்லை.

இனி, மூட்டைச் சட்டென்று தள்ளும்போதோ இழுக்கும்போதோ கேட்கும் அந்த 'டக்' சத்தத்துக்கு வருவோம். சத்தம் கேட்டால்தான் சிகிச்சை பலித்தது என்று நோயாளி நினைப்பது இயல்பு. முறிவு வைத்தியரிடமும் சுளுக்கு எடுப்பவரிடமும் பழகிய ஊர் இது. படித்த நாமும் அப்படி நினைத்தால் எப்படி? 2015இல் விரல் மூட்டை எம்ஆர்ஐயில் வைத்து இழுத்துப் பார்த்தார்கள். சத்தம் வரும் கணத்தில் மூட்டுத் திரவத்துக்குள் ஒரு வாயுக் குழி உருவானது தெரிந்தது. எலும்பு எதுவும் 'விலகி' இருந்து 'உட்காரவில்லை'. சத்தம் வந்தவருக்கும் வராதவருக்கும் பலனில் பெரிய வித்தியாசம் இல்லை என்று முதுகுவலி ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. நாம் கை வைத்ததும் வலி குறைவது பெரும்பாலும் நரம்பு மண்டலம் வலியைக் கையாளும் விதம் கொஞ்ச நேரத்துக்கு மாறுவதால்தான். அந்தக் கொஞ்ச நேரத்தில் அவரை அசைய வைப்பதுதான் நம் வேலை.

"எலும்பு விலகியிருக்கு, நான் சரி பண்ணிட்டேன்" என்று ஒரு கொழுந்து பறிக்கும் அம்மாவிடம் சொன்னால் என்ன ஆகும்? அடுத்த வாரம் இடுப்பு பிடித்ததும் மறுபடி விலகிவிட்டதாகப் பயப்படுவார். குனியப் பயம், கூடை தூக்கப் பயம். உடம்பை வைத்தே சீவிக்கிற ஒருவருக்குத் தன் முதுகின் மேல் நம்பிக்கை போவது வலியைவிடப் பெரிய நஷ்டம். இந்தத் தவற்றை நாம் மன்னிக்கவே கூடாது.

நுட்பத்தில் வேகம் வந்த பிறகு, எப்போது கை வைக்கக் கூடாது என்பதை மறப்பது எல்லாவற்றிலும் ஆபத்தானது. இரவில் படுத்தாலும் குறையாத வலி, காரணமில்லாமல் உடம்பு மெலிதல், காய்ச்சல், இரவில் வியர்வை: முதுகெலும்புக் காசநோயும் புற்றுநோயும் இப்படித்தான் சாதாரண முதுகுவலி போல உள்ளே வரும். மாதவிடாய் நின்ற பெண், படியில் சறுக்கி விழுந்தவர், நீண்ட நாள் ஸ்டீராய்ட் எடுத்தவர் என்றால் எலும்பு முறிவை முதலில் சந்தேகியுங்கள். என்ன மருந்து என்று தெரியாமல் கடையில் வாங்கிய மாத்திரையைப் பற்றியும் கேளுங்கள், அவராகச் சொல்ல மாட்டார். இரண்டு கால்களிலும் மரத்துப்போதல், உட்காரும் இடத்தில் உணர்ச்சி இல்லாமை, சிறுநீர் வராமை என்றால் அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். பெண்கள் இதைக் கூச்சத்தில் மறைப்பார்கள். மெதுவாக, தனியாக, நேராகக் கேளுங்கள்.

கழுத்துக்கு இன்னும் கவனம் வேண்டும். "இப்படி ஒரு தலைவலி இதுக்கு முன்னாடி வந்ததே இல்ல மிஸ்" என்று ஒருவர் சொன்னால் கையை எடுத்துவிடுங்கள். கழுத்து இரத்தக் குழாயின் சுவர் கிழிவது பல நேரம் புதுக் கழுத்துவலியாகவும் தலைவலியாகவும்தான் தொடங்கும். தலைச்சுற்றல், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், விழுங்கக் கஷ்டம் எல்லாம் பிறகு வரலாம். இதற்கென்றே இஃபோம்ப்ட் 2012இல் ஒரு வழிகாட்டியை வெளியிட்டு 2020இல் திருத்தியது. தலையைத் திருப்பிப் பிடித்து மயக்கம் வருகிறதா என்று பார்க்கும் பழைய சோதனையை நம்பிச் சிகிச்சைக்கு இறங்க வேண்டாம், அது நம்பகமானதாகத் தெரியவில்லை. பிரஷர் பாருங்கள், மண்டை நரம்புகளைச் சோதியுங்கள். பிரஷர் மெஷின் தோட்டத்து டிஸ்பென்சரியில்கூட இருக்கும். அப்புறம், அனுப்பும்போது "டொக்டரைப் பாருங்க" என்று வாயால் சொல்லி அனுப்பாதீர்கள். என்ன கண்டீர்கள், எதைச் சந்தேகிக்கிறீர்கள் என்று இரண்டு வரி எழுதிக் கையில் கொடுங்கள்.

வெளிநாட்டு விதிகளை அப்படியே தூக்கி வருவதும் ஒரு தவறு. முதுகு மேனிப்புலேஷன் (மூட்டைச் சட்டென்று தள்ளும் நுட்பம்) யாருக்குப் பலிக்கும் என்று கணிக்கும் பிரபலமான ஐந்து அடையாள விதி 2002இல் வந்தது. அது அமெரிக்க இராணுவ மருத்துவ வசதிகளுக்கு வந்தவர்களைப் பார்த்து எழுதப்பட்டது. 2008இல் ஆஸ்திரேலியாவில் வேறு நோயாளிகளிடம், பெரும்பாலும் மொபிலைசேஷனோடு (மூட்டை மெதுவாகத் திரும்பத் திரும்ப அசைப்பது), சோதித்தபோது அது எடுபடவில்லை. அந்த ஐந்தில் ஒன்று, வலி தொடங்கி 16 நாளுக்குள் இருக்க வேண்டும் என்பது. தோட்டத்திலிருந்து நம்மிடம் வருபவர் மாதக்கணக்கில் தைலம் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தானே பஸ் ஏறுகிறார்?

அதனால்தான் மெயிட்லண்ட் வழியில் எனக்கு மிகவும் பிடித்த பழக்கத்தைச் சொல்கிறேன். சிகிச்சைக்கு முன் அந்த நோயாளியின் வலியை எழுப்பும் ஓர் அசைவைக் கண்டுபிடியுங்கள். குனியச் சொன்னால் விரல் நுனி முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே நிற்கிறது, அங்கே வலது பிட்டத்தில் சுள்ளென்கிறது. எழுதிக்கொள்ளுங்கள். குப்புறப் படுக்க வைத்து நான்காவது இடுப்பு முள்ளெலும்பில் அரை நிமிடம், ஒரு நிமிடம் மெதுவாக அழுத்தி விடுங்கள். எழுப்பி மறுபடி குனியச் சொல்லுங்கள். விரல் கணுக்கால் பக்கம் இறங்கியதா? வலி பிட்டத்திலிருந்து நடு இடுப்புக்கு ஏறியதா, தொடைக்கு இறங்கியதா? இதைப் பார்க்காமல் ஒரே நுட்பத்தைப் பதினைந்து நிமிடம் செய்பவரை நிறையப் பார்க்கலாம். கை திறமையாக இருக்கும், ஆனால் எதை மாற்றியது என்று அவருக்கே தெரியாது.

சரி, சிகிச்சை பலித்தது. "வாரம் மூன்று நாள் வாங்க, இரண்டு வாரம் ஓய்வு எடுங்க" என்பது அடுத்த சறுக்கல். பொகவந்தலாவையிலிருந்தோ மஸ்கெலியாவிலிருந்தோ வருபவருக்கு ஒவ்வொரு வருகையும் ஒரு நாள் பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போவது. அவர் திரும்ப வரமாட்டார், நாமும் 'ஒத்துழைக்காத நோயாளி' என்று எழுதி வைப்போம். அவர் ஒரே ஒரு தடவைதான் வருவார் என்று வைத்துக்கொண்டு திட்டம் போடுங்கள். பின்னால் வளையும்போது வலி குறைகிறது என்று சோதனையில் தெரிந்தால், கூடையை இறக்கும் ஒவ்வொரு தடவையும் கையை இடுப்பில் ஊன்றிப் பத்து முறை பின்னால் வளையச் சொல்லுங்கள். உங்கள் முன்னால் செய்து காட்ட வையுங்கள். தொலைபேசியில் கேட்கக்கூடிய விஷயத்துக்கு ஆளை வரவழைக்காதீர்கள்.

கை வைக்குமுன் என்ன செய்யப் போகிறீர்கள், என்ன ஆபத்து என்று அவருடைய பேச்சில் சொல்லிச் சம்மதம் கேளுங்கள். "நீங்க பாத்து செய்ங்க சார்" என்பதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அது மரியாதைக்குச் சொல்வது. பெண் நோயாளி என்றால் கூட ஒரு பெண் நிற்கட்டும், திறக்கத் தேவையில்லாத இடம் மூடியே இருக்கட்டும்.

உங்கள் உடம்பையும் பாருங்கள். முள்ளெலும்பைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி, அந்த விரலே போன இயன்மருத்துவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். முடிந்த இடத்தில் மணிக்கட்டின் சுண்டுவிரல் பக்கத்து மேட்டால் அழுத்தப் பழகுங்கள், முழங்கையை நீட்டி உடம்புப் பாரத்தைச் சாயுங்கள். உயரம் மாற்ற முடியாத கட்டில்தான் இருக்கிறது என்றால் ஒரு பலமான பலகைப் படி செய்வித்து அதன்மேல் ஏறி நில்லுங்கள்.