ஹார்மோன் மாத்திரையோடு வருடக்கணக்கில் வாழ்வது எப்படி

மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்த பிறகு ஒரு சின்ன மாத்திரையை எழுதிக் கொடுத்து, தினமும் ஒன்று, ஐந்து வருடம் என்று சொல்லி அனுப்புகிறார்கள். முடி வளர்ந்துவிட்டது, வேலைக்கும் போக ஆரம்பித்தாயிற்று, அதனால் சுற்றியிருப்பவர்கள் கணக்கில் வைத்தியம் முடிந்துவிட்டது. நடு ராத்திரியில் வியர்வையில் நனைந்து எழுந்து உட்காருவதும், காலையில் விரலை மடக்க முடியாமல் தவிப்பதும் அவர்கள் கண்ணில் படுவதில்லை.

நான் தையல் வேலை செய்கிறவள். முதலில் டாமாக்சிஃபென் சாப்பிட்டேன். மாதவிடாய் முழுதாக நின்ற பிறகு லெட்ரோசோலுக்கு மாற்றினார்கள். இரண்டின் தொல்லையும் தெரியும் என்பதால் இதை எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மாத்திரையை நிறுத்தும் முடிவை வீட்டில் தனியாக உட்கார்ந்து எடுக்காதீர்கள். அதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ளவும் வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் செய்ய நிறைய இருக்கிறது.

நிறுத்தக் கூடாது என்று டாக்டர்கள் பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம் உண்டு. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனால் வளரும் வகைப் புற்றுநோயில், டாமாக்சிஃபெனை ஐந்து வருடம் எடுத்தவர்களுக்கு அந்த ஐந்து வருடத்தில் நோய் திரும்புவது ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது. மாத்திரையை முடித்த பிறகும் அந்தப் பலன் பல வருடங்களுக்குத் தொடர்கிறது. தொல்லை இன்றைக்கே தெரிகிறது, பலன் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. சிக்கலே அதுதான்.

உங்கள் மாத்திரை எந்த வகை?

இது தெரியாவிட்டால் மற்றவர்களின் அனுபவத்தை நம்மோடு ஒப்பிட்டுக் குழம்புவோம். டாமாக்சிஃபென், ஈஸ்ட்ரோஜன் வந்து உட்காரும் இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஒரு காஜாவில் வேறு பட்டன் மாட்டியிருந்தால் சரியான பட்டன் நுழைய முடியாது, அவ்வளவுதான். ஆனால் மார்பில் ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் அதே மருந்து கர்ப்பப்பையில் ஈஸ்ட்ரோஜன் மாதிரியே நடந்துகொள்கிறது. மாதவிடாய் நின்றவர்களுக்கு எலும்பிலும் அப்படித்தான். அதனால் அவர்களுக்கு எலும்புக்கு நல்லது, கர்ப்பப்பையைக் கவனித்துக்கொள்ள வேண்டும்.

லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல், எக்ஸிமெஸ்டேன் மூன்றும் வேறு வகை. மாதவிடாய் நின்ற பிறகும் கொழுப்பிலும் தசையிலும் உடம்பு கொஞ்சம் ஈஸ்ட்ரோஜன் செய்துகொண்டுதான் இருக்கும். அதைச் செய்யும் அரோமடேஸ் என்சைமை இவை முடக்குகின்றன. உடம்பு முழுக்க ஈஸ்ட்ரோஜன் வற்றுவதால் மூட்டுவலி, எலும்புத் தேய்மானம், பிறப்புறுப்பு வறட்சி எல்லாம் இதில் அதிகம். மாதவிடாய் நிற்காதவர்களுக்கு இந்த வகையைக் கொடுத்தால், சினைப்பையை அடக்கும் ஊசியும் கூடவே போடுவார்கள்.

ஒரு நோட்டு போடுங்கள்

"உடம்பு ஒரு மாதிரி இருக்கு" என்று சொன்னால் டாக்டரால் ஒன்றும் செய்ய முடியாது. நோட்டில் தேதி, என்ன தொல்லை, பத்துக்கு எவ்வளவு வலி, அதனால் எந்த வேலை நின்றது என்று எழுதுங்கள். கடைசி விஷயம்தான் முக்கியம். "விரல் வலிக்கிறது" என்று சொன்னபோது தலையாட்டினார்கள். "காலை பத்து மணி வரை கத்தரிக்கோல் பிடிக்க முடியவில்லை, என் பிழைப்பே அதுதான்" என்று சொன்னபோது பேனாவை எடுத்தார்கள்.

குப்பென்று ஏறும் சூடு

நெஞ்சிலிருந்து கிளம்பி முகம் வரை ஏறி, வியர்த்துக் கொட்டி, பிறகு குளிரவும் குளிரும். எனக்கு டாமாக்சிஃபெனில்தான் இது அதிகம். தையல்காரியாக என் முதல் யோசனை துணி பற்றியது: இறுக்கமான செயற்கை இழைத் துணியை விட்டுவிட்டு, தளர்வான பருத்தித் துணியை இரண்டு அடுக்காகப் போடுங்கள். மேலடுக்கைச் சட்டென்று கழற்ற முடிய வேண்டும். படுக்கையருகில் ஒரு மாற்று உடை இருக்கட்டும். காரம், சூடான பானம், மது, பதற்றம் என்று ஆளுக்கு ஒரு தூண்டுதல் இருக்கும். உங்களுடையது எது என்று நோட்டே காட்டிக் கொடுத்துவிடும். சூடு கிளம்பும்போது மூச்சை மெதுவாக ஆழமாக இழுத்து விடுவது சிலருக்கு உதவுகிறது. இதற்கென்றே இருக்கும் மனப்பயிற்சி ஆலோசனையும் உண்டு. அது சூடு வரும் எண்ணிக்கையைக் குறைப்பதைவிட, வரும்போது நாம் படும் அவஸ்தையைத்தான் அதிகம் குறைக்கிறது. மாத்திரை சாப்பிடும் நேரத்தை ராத்திரியிலிருந்து காலைக்கோ, காலையிலிருந்து ராத்திரிக்கோ மாற்றிப் பார்க்கலாம். தினமும் ஒரே நேரமாக இருந்தால் போதும்.

இதற்கெல்லாம் அடங்காவிட்டால் மருந்து கேளுங்கள். வென்லாஃபாக்சின், காபாபென்டின், ஆக்ஸிபியூட்டினின் ஆகியவற்றை ஹார்மோன் இல்லாத வழியாகக் கொடுக்கிறார்கள். காபாபென்டின் தூக்கம் வரவைக்கும் என்பதால், ராத்திரித் தொல்லை அதிகம் உள்ளவர்களுக்குப் பொருந்தலாம். இங்கே ஒரு எச்சரிக்கை. டாமாக்சிஃபென் ஈரலில் ஒரு என்சைமால் மாற்றப்பட்ட பிறகுதான் முழு வீரியத்தோடு வேலை செய்கிறது. பராக்செடின், ஃப்ளுவாக்செடின், புப்ரோபியான் ஆகிய மனச்சோர்வு மருந்துகள் அந்த என்சைமைத் தடுத்துவிடும். வேறு டாக்டர் எழுதிக் கொடுத்தாலும் புற்றுநோய் டாக்டரிடம் காட்டாமல் ஆரம்பிக்காதீர்கள். "ஹார்மோனைச் சரிசெய்யும்" என்று விற்கும் மூலிகைப் பொடிகளை நான் தொடுவதே இல்லை. ஈஸ்ட்ரோஜனை அடக்கக் காலையில் ஒன்று, அது போலவே வேலை செய்யக்கூடிய ஏதோ ஒன்று மாலையில் என்றால் அதில் என்ன அர்த்தம்?

மூட்டுவலி

லெட்ரோசோலில் எனக்குப் பெரிய தலைவலியே இதுதான். காலையில் கை விறைத்திருக்கும். அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் பத்தடி வரை நடை தள்ளாடும், அப்புறம் சரியாகிவிடும். இந்த மாத்திரைகளுக்கே உரிய வலி இது. பெரும்பாலும் முதல் சில மாதங்களிலேயே தலைகாட்டும்.

வலிக்கிறது என்று அசையாமல் இருந்தால் இன்னும் விறைக்கும். உடற்பயிற்சியை வைத்தே இதை ஆராய்ந்திருக்கிறார்கள். வாரம் 150 நிமிடம் வேக நடை மாதிரியான பயிற்சி, கூடவே வாரம் இரண்டு முறை தசைக்கு வலுவூட்டும் பயிற்சி என்று ஒரு வருடம் செய்தவர்களுக்கு வலி கணிசமாகக் குறைந்தது. கேட்டதும் எனக்கு எரிச்சல்தான் வந்தது, நடக்க முடியாதவளைப் பார்த்து நட என்கிறார்களே என்று. பத்து நிமிட நடையை நாளுக்கு இரண்டு முறை என்று தொடங்குங்கள், அதைக் கூட்டிக்கொண்டே போகலாம். எடை தூக்கும் பயிற்சியில், அக்குள் நெறிக்கட்டி எடுத்தவர்கள் மிகக் குறைந்த எடையில் ஆரம்பித்து மெதுவாகக் கூட்ட வேண்டும். கை வீங்குகிறதா, கனக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் முதலில் கற்றுக்கொள்வது நல்லது.

கைக்கு நான் செய்வது: எழுந்தவுடன் வெதுவெதுப்பான தண்ணீரில் கையை அமிழ்த்தி, உள்ளேயே விரலை மடக்கி விரிப்பேன். கத்தரிக்கோல், சீப்பு, பேனா எல்லாவற்றின் பிடியிலும் துணி சுற்றித் தடிமனாக்கி வைத்திருக்கிறேன். மெல்லிய பிடியை இறுக்குவதில்தான் வலி அதிகம். நுணுக்கமான வேலையை மதியத்துக்குத் தள்ளிவிட்டேன். விரல் மடங்கியபடியே மாட்டிக்கொண்டு 'டக்'கென்று விடுபட்டாலோ, ராத்திரியில் கட்டைவிரல் பக்கம் மரத்துப்போனாலோ அதைத் தனியாகச் சொல்லுங்கள். அவற்றுக்குத் தனி வைத்தியம் உண்டு. அப்படி மரத்துப்போவதற்கு ராத்திரியில் மணிக்கட்டில் பட்டை கட்டுவதே பலருக்குப் போதும்.

வலி மாத்திரையை அளவும் நாளும் கேட்டுச் சாப்பிடுங்கள். துலோக்செடின் என்ற மனச்சோர்வு மருந்து இந்த வலியைக் குறைப்பதாகச் சோதனையில் தெரிந்திருக்கிறது, அக்குபங்சரும் அப்படியே. டாமாக்சிஃபென் எடுப்பவர்களுக்குத் துலோக்செடின் சரிவருமா என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும். இதற்கும் மசியாத வலி என்றால் டாக்டரே சில வாரம் இடைவெளி விட்டு அதே வகையில் வேறு மாத்திரைக்கு மாற்றிப் பார்ப்பார். லெட்ரோசோல் ஒத்துக்கொள்ளாதவருக்கு எக்ஸிமெஸ்டேனோ அனஸ்ட்ரோசோலோ ஒத்துக்கொள்வது உண்டு. திரும்ப டாமாக்சிஃபெனுக்குப் போவதும் ஒரு வழிதான். இப்படி மாற்றலாம் என்று நாம் கேட்டால்தான் பேச்சே ஆரம்பிக்கிறது என்பது என் அனுபவம்.

ஒரே இடத்தில், ராத்திரியில் அதிகமாகி, நாளுக்கு நாள் கூடும் எலும்பு வலியை மட்டும் மாத்திரையின் தலையில் கட்டிவிடாதீர்கள். அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

எலும்பு

இதில் வலி எதுவும் தெரியாது, அதனால் மறந்துவிடுவோம். லெட்ரோசோல் வகையை ஆரம்பிக்கும்போதே எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்சா ஸ்கேன் எடுத்து, பிறகு பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பார்ப்பார்கள். கால்சியம், உணவோடு சேர்த்து நாளுக்கு 1,200 மில்லிகிராம் அளவில் இருக்க வேண்டும். விட்டமின் டி தேவையா என்பதை ரத்தப் பரிசோதனை சொல்லும். எலும்பைக் காக்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஜோலெட்ரானிக் ஆசிட் அல்லது டெனோசுமாப் ஊசி போடச் சொன்னால், அதற்கு முன் பல் டாக்டரைப் பாருங்கள். ஊசி போட்ட பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து கொஞ்சம் உண்டு. டெனோசுமாபைத் திடீரென்று நிறுத்தினால் எலும்பு வேகமாக வலுவிழக்கும், அதனால் தவணையைத் தவறவிடாதீர்கள்.

யாரும் கேட்காத தொல்லை

பிறப்புறுப்பு வறட்சி, எரிச்சல், உறவின்போது வலி, ஆசையே இல்லாமல் போவது. எந்த டாக்டரும் தானாக இதை என்னிடம் கேட்டதில்லை. நீங்களே சொல்லுங்கள். வாய் வரவில்லையா, சீட்டில் எழுதி நீட்டுங்கள். ஹார்மோன் இல்லாத ஈரப்பத ஜெல் என்று ஒன்று இருக்கிறது. அதை உறவு இருக்கிறதோ இல்லையோ வாரம் இரண்டு மூன்று முறை தொடர்ந்து போட வேண்டும், ஒருநாள் போட்டுப் பார்த்துவிட்டு "பலனில்லை" என்று விடக் கூடாது. உறவு நேரத்தில் போடும் வழுவழுப்பு ஜெல் வேறு. எண்ணெய் வகை ஆணுறையைக் கிழித்துவிடும், தண்ணீர் அல்லது சிலிக்கான் வகை வாங்குங்கள். ஈஸ்ட்ரோஜன் கலந்த க்ரீமைக் கடையில் தானாக வாங்கவே வேண்டாம், குறிப்பாக லெட்ரோசோல் வகையில் இருப்பவர்கள். எதுவும் பலிக்காதபோது டாக்டரோடு பேசி முடிவு செய்யும் விஷயம் அது. கணவரிடமோ துணையிடமோ இது மருந்தால் வருகிறது, வெறுப்பால் அல்ல என்று சொல்லிவிட்டால் வீட்டில் பாதி இறுக்கம் குறையும்.

இளம் பெண்களுக்கு ஒன்று. மாதவிடாய் ஒழுங்கில்லாமல் போனாலும் டாமாக்சிஃபென் கருத்தடை ஆகாது. வேடிக்கை என்னவென்றால், 1960களில் கருத்தடை மருந்து தேடிய ஆராய்ச்சியில்தான் இது பிறந்தது. பெண்களிடம் அது சினைமுட்டையை வெளிவரத்தான் தூண்டியது. கருவுக்கு ஆபத்து என்பதால் ஹார்மோன் இல்லாத கருத்தடை அவசியம். குழந்தை வேண்டுமென்றால், மாத்திரையை இடையில் நிறுத்திவைப்பது பற்றித் திட்டமிட்டுப் பேச முடியும்.

மறதி, எரிச்சல், காரணமில்லாத அழுகை எல்லாமும் வரலாம். தூக்கம் சரியானால் இவற்றில் ஒரு பங்கு தானாகக் குறையும். இரண்டு வாரத்துக்கு மேல் மனம் இருண்டே கிடந்தால் அதையும் நோட்டில் எழுதிக் காட்டுங்கள்.

காத்திருக்கக் கூடாதவை

டாமாக்சிஃபெனில் ரத்தம் உறையும் ஆபத்து கொஞ்சம் கூடுகிறது. ஒரு காலின் ஆடுசதை மட்டும் வீங்கிச் சிவந்து வலித்தால், திடீர் மூச்சிரைப்போ நெஞ்சுவலியோ வந்தால், உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். மாதவிடாய் நின்ற பிறகு ஒரு துளி ரத்தம் பட்டாலும் அந்த வாரமே காட்டுங்கள். பெரும்பாலும் ஒன்றுமிருக்காது, ஆனால் கர்ப்பப்பைப் புற்றுநோய் இல்லை என்று பார்த்துவிட வேண்டும். பார்வை மங்கினால் கண் டாக்டரிடம் மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள், கண்புரைக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. ஊசியில் நூல் கோர்ப்பதே எனக்குப் பரிசோதனை.

ஒரு நாள் மாத்திரையை மறந்தால் பதற வேண்டாம், மறுநாள் இரண்டாகவும் போட வேண்டாம். வழக்கமான ஒன்று போதும். அட்டையில் ஒரு வாரத்துக்கான மாத்திரை மீதமிருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிடுங்கள். வேறு எதற்காவது ஆபரேஷன் என்றால் இந்த மாத்திரை சாப்பிடுவதை முன்கூட்டியே சொல்லுங்கள். டாமாக்சிஃபெனைச் சில சமயம் சில வாரம் நிறுத்திவைக்கச் சொல்வார்கள். மறுபடி எந்தத் தேதியில் ஆரம்பிக்க வேண்டும் என்பதையும் அப்போதே கேட்டு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.