மறைப்பின் பின்னிருந்து சுடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சம்பா அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும், திருவையாற்றை அடுத்த எங்கள் திடலில், இயந்திரம் சுருட்டிக் கட்டிய வைக்கோல் கட்டுகளை ஆளுயரத்துக்கு அடுக்கி, அவற்றையே பங்கர்களாக, அதாவது ஒளிந்து நின்று சுடும் மறைப்புகளாகக் கொண்டு, புதியவர்களுக்குப் பெயிண்ட்பால் கற்றுத் தருகிறோம். பெயிண்ட் நிரப்பிய குண்டுகளால் எதிரணியினரைச் சுடும் விளையாட்டு இது; குண்டு பட்டு உடைந்தால் ஆட்டமிழப்பு. ஆண்டுதோறும் வருபவர்கள் மாறினாலும், தொடக்கத்தில் நாங்கள் செய்த தவறுகளையே அவர்களும் செய்கிறார்கள். மாஸ்க்கைக் கழற்றக் கூடாது என்பது போன்றவை முதல் நாளே சொல்லப்படுவதால் இங்கே விட்டுவிடுகிறேன்.

தலையை முதலில் நீட்டுவது

இன்றும் எனக்குச் சினமூட்டும் தவறு இதுதான். எதிராளி எங்கே இருக்கிறார் என்று தலையை நீட்டிப் பார்த்து, கண்ட பிறகே துப்பாக்கியைத் தூக்கி, குறிவைத்து, விசையை அழுத்துகிறார்கள். போட்டிகளில் குண்டின் வேகம் பொதுவாக நொடிக்கு 300 அடியைத் தாண்டக் கூடாது. காற்றின் தடையால் அது வழியில் குறைந்தாலும், 30 மீட்டரைக் கடக்க ஏறத்தாழ அரை நொடி போதும். நம் மறைப்பின் விளிம்பின் மீது முன்னரே குறிவைத்துக் காத்திருப்பவர், தலை தெரிந்த கணமே சுட்டுவிடுவார். சென்ற பருவத்தில் ஒரு மாணவர் கட்டின் வலப்புறமாகவே திரும்பத் திரும்ப எட்டிப் பார்த்தார். கடைசியில் மாஸ்க்கின் கண்ணாடியில் மஞ்சள் பெயிண்ட் வழிய, ஒரு குண்டுகூடச் சுடாமல் வெளியேறினார். ஐவர் அணியில் ஒருவர் இப்படிப் போய்விட்டால் அவர் காத்த பக்கம் திறந்துவிடும். அடுத்த பங்கரில் இருப்பவர் இரு திசைகளிலிருந்தும் அடி வாங்குவார்.

மறைப்புக்குள் இருக்கும்போதே துப்பாக்கி தோளில் பதிந்து, குழல் எதிராளியின் திசையை நோக்கியிருக்க வேண்டும். பிறகு காலை நகர்த்தாமல் இடுப்பிலிருந்து சாய்ந்து, குழலும் ஒரு கண்ணும் ஒருசேர வெளியே வர, இரண்டு மூன்று குண்டுகளைச் சுட்டதும் உள்ளே திரும்பிவிட வேண்டும். பட்டதா என்று நின்று பார்க்கக் கூடாது. அடுத்த முறை மண்டியிட்டோ, மறுபுறமாகவோ வெளிவர வேண்டும்.

மறைப்போடு ஒட்டிக்கொள்வது

மார்பு கட்டில் உரசுமளவு நின்றால் துப்பாக்கியை உயர்த்த இடமிருக்காது. குழல் வெளியே நீண்டு, நாம் வரப்போகும் பக்கத்தைக் காட்டிக்கொடுக்கும். ஒரு கை நீளம் பின்னால் நில்லுங்கள். எதிராளி பக்கவாட்டில் முன்னேறிவிட்டால் மட்டும் ஒட்டித்தான் ஆக வேண்டும்.

வலக்கையை மட்டும் நம்புவது

இடப்புற விளிம்பில் வலக்கையால் சுட்டால் பாதி உடம்பு வெளியே தெரியும். கை மாற்றிச் சுடப் பழகுங்கள்.

முழங்கையை விரிப்பது

மடக்கி வையுங்கள். வெளியே நீளும் முழங்கையில் மட்டுமல்ல, துப்பாக்கியின் மேலுள்ள குண்டுக் கலமான ஹாப்பரில் குண்டு பட்டு உடைந்தாலும் ஆட்டமிழப்புதான்.